சம்பளமே வாங்காத அம்மாவுக்கு விபத்து இழப்பீடு கிடைக்குமா?

``அம்மா வேலைக்கா போறாங்க... அவங்களுக்கு எதுக்கு கேஸு? ஆஸ்பத்திரி செலவு வந்தா போதும்!''

சாலை விபத்தில் அடிபட்டு வீட்டில் இருக்கும் பெண் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால், பல குடும்பங்களில் முதல் வாரத்திலேயே இப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. எதிர்த் தரப்பிலிருந்து யாராவது வந்து ``ஒரு தொகை வாங்கிக்கோங்க, பேசி முடிச்சிடலாம்'' என்றால், கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, உடைந்த கை சரியாக மடங்காமல், ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க முடியாத நிலை வரும்போதுதான் இழப்பு எவ்வளவு என்று புரிகிறது.

சம்பளச் சீட்டு இல்லை என்பதற்காக ஒருவரின் உழைப்புக்கு மதிப்பில்லை என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால், அந்த உழைப்பைக் காகிதத்தில் காட்ட வேண்டும். வாசகர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்குச் சட்டம் தரும் பதில்களும் இதோ.

வருமானமே இல்லாதவருக்கு எதை வைத்துக் கணக்கிடுவார்கள்?

வீட்டு வேலைக்கு நீதிமன்றமே ஒரு மாத மதிப்பை நிர்ணயிக்கும். இது புதிதல்ல. 1989-ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து தொடர்பான வழக்கில், 2001-ல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் பணிக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. 2009-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், சாலை விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசி தொடர்பான வழக்கில், வீட்டில் பெண் செய்யும் வேலையின் பண மதிப்பை விரிவாக ஆராய்ந்து தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பை அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பில், மத்திய அரசின் 2019-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைச் சுட்டிக்காட்டியது. ஊதியமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்களோ 97 நிமிடங்கள். இல்லத்தரசிக்கு மாத மதிப்பு நிர்ணயிப்பதோடு, எதிர்கால உயர்வையும் சேர்க்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. 2024-ல் ஒரு படி மேலே போய், இல்லத்தரசியின் மதிப்பு தினக்கூலித் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாக எப்படி இருக்க முடியும் என்று கேட்டு, இழப்பீட்டை 2.5 லட்சத்திலிருந்து 6 லட்சமாக உயர்த்தியது.

இவை உயிரிழப்பு வழக்குகள். ஆனால், `வீட்டு வேலைக்கும் பண மதிப்பு உண்டு' என்ற அடிப்படை, காயமடைந்தவரின் வழக்குக்கும் பொருந்தும்.

கணக்கு எப்படி வரும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். பாதிக்கப்பட்டவருக்கு 42 வயது. தீர்ப்பாயம் மாத மதிப்பாக 10,000 ரூபாயை எடுத்துக்கொள்கிறது. கை பாதிப்பால் வேலை செய்யும் திறனில் 30 சதவிகிதம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று முடிவு செய்கிறது. வயதுக்கு ஏற்ற பெருக்கல் எண், 2009-ல் உச்ச நீதிமன்றம் தந்த பட்டியலில் இருக்கிறது. 41 முதல் 45 வயது வரை அது 14.

10,000 x 12 x 14 = 16,80,000. அதில் 30 சதவிகிதம் 5,04,000 ரூபாய். எதிர்கால உயர்வாக 25 சதவிகிதம் சேர்த்தால் 6,30,000 ரூபாய். இது வேலைத்திறன் இழப்புக்கு மட்டும். மருத்துவச் செலவு, இனி ஆகக்கூடிய சிகிச்சைச் செலவு, வலி வேதனை, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, போக்குவரத்து, சத்துணவு ஆகியவை தனித்தனியாகக் கணக்கிடப்படும். `ஆஸ்பத்திரி பில் வந்தால் போதும்' என்று முடித்துக்கொள்ளும்போது விட்டுக்கொடுப்பது எதை என்பது இப்போது புரியும்.

டாக்டர் 40 சதவிகிதம் என்று எழுதினால், இழப்பும் 40 சதவிகிதம்தானா?

அப்படி நேராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2010-ல் உச்ச நீதிமன்றம் இதை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்கியது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால், அவரின் சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுதுமே போய்விடும். அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம். உடல் பாதிப்பு ஒன்றுதான். வாழ்க்கை பாதிப்பு வேறு.

அதனால், மெடிக்கல் போர்டு தரும் சான்றிதழோடு நிற்காமல், அந்தப் பாதிப்பால் எந்தெந்த வேலைகளைச் செய்ய முடியவில்லை என்பதையும் தீர்ப்பாயத்தில் சொல்ல வேண்டும். இட்லி மாவு அள்ள முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை, பேரக்குழந்தையைத் தூக்க முடியவில்லை என்பதெல்லாம் சின்ன விஷயங்கள் அல்ல. வழக்கின் மையமே அவைதான். வீட்டிலிருந்தே தையல், பால் விற்பனை, டியூஷன் என்று ஏதாவது செய்து வந்திருந்தால், அதையும் மறக்காமல் குறிப்பிட வேண்டும்.

கணவர் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தார். தவறு இருவர் மீதும் என்றால்?

இங்குதான் பலர் பயந்து பின்வாங்குகிறார்கள். எதிரே வந்த லாரி மீதும் தவறு, கணவர் மீதும் கொஞ்சம் தவறு என்றாலும், பின்னால் இருந்தவர் வண்டியை ஓட்டவில்லை. 2015-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியபடி, இப்படி இரண்டு வண்டிகளும் காரணமான விபத்தில், பாதிக்கப்பட்ட மூன்றாமவர் முழுத் தொகையையும் இருவரில் யாரிடமிருந்தும் கேட்கலாம். பங்கு பிரிப்பது அவர்கள் பாடு.

கணவரின் பைக் தானாகவே சறுக்கி விழுந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது அந்த பைக்கின் பாலிசியை எடுத்துப் பார்க்க வேண்டும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால், பின்சீட்டில் இருப்பவருக்கு அது பொதுவாகப் பொருந்தாது. பேக்கேஜ் பாலிசி எனப்படும் முழுமையான பாலிசி இருந்தால் பொருந்தும். பாலிசியோடு கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் பி.ஏ. கவர் வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கானது, பின்சீட்டுக்கு அல்ல. அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும்போது, சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்கு முன்பு இதை யோசிக்கலாம்.

ஹெல்மெட் போடவில்லை. கேஸ் நிற்குமா?

நிற்கும். ஹெல்மெட் போடாதது விபத்துக்குக் காரணம் ஆகாது. ஆனால், தலையில் அடிபட்டிருந்தால், காயம் பெரிதானதில் அவருக்கும் பங்கு உண்டு என்று சொல்லித் தொகையில் ஒரு பகுதியைக் குறைக்க வாய்ப்பு உண்டு.

எதிர் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, டிரைவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால்?

லைசென்ஸ் இல்லையென்றால், பல வழக்குகளில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடப்படுகிறது. இன்ஷூரன்ஸே இல்லையென்றால் உரிமையாளர்தான் தர வேண்டும். வண்டியே அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டால், அரசின் திட்டத்தின் கீழ் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் பெற விண்ணப்பிக்கலாம்.

`2.5 லட்சம் உடனே கிடைக்கும்' என்கிறார்களே?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு அது. யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே பலத்த காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம் கேட்கலாம். தவறு யாருடையது என்று காட்டச் சாட்சியே இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி.

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. இந்தத் தொகையைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டால், முழு இழப்பீடு கேட்டு 166-வது பிரிவின் கீழ் போட்ட மனு காலாவதி ஆகிவிடும். மேலே பார்த்த உதாரணத்தில், வேலைத்திறன் இழப்பு மட்டுமே 6 லட்சத்துக்கும் மேல். லோக் அதாலத்தில் பேசி முடித்தாலும் அப்படித்தான். அங்கு வரும் முடிவுக்கு அப்பீல் கிடையாது. விரைவாகப் பணம் வருவது நல்லதுதான் என்றாலும், எலும்பு கூடி, நிரந்தர பாதிப்பு எவ்வளவு என்று மருத்துவர் சொல்வதற்கு முன்பு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். காவல் நிலையத்தில் `சமாதானமாகப் போகிறோம்' என்று எழுதிக் கொடுப்பதற்கும் இது பொருந்தும்.

எத்தனை நாளுக்குள், எங்கே மனு போட வேண்டும்?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்திலும், மற்ற இடங்களில் அந்தந்த மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் விசாரிப்பதற்கான ஏற்பாடு உண்டு. விபத்து திண்டிவனத்தில் நடந்து, குடும்பம் தஞ்சாவூரில் இருந்தால், தஞ்சாவூரிலேயே மனு போடலாம்.

2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற வரம்பு நடைமுறையில் உள்ளது. இந்த வரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. அவை முடியும்வரை, தாமதம் என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. தாமதமாகிவிட்டவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். இப்போது விபத்தில் சிக்கியவர்கள் இந்த உத்தரவை நம்பிக் காத்திருக்காமல் 6 மாதத்துக்குள் முடித்துவிடுவதே பாதுகாப்பு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே?

பெண்களுக்கு, குடும்ப வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தரும் உரிமை அது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மருத்துவமனை வாசலிலேயே வந்து, ``ஜெயிச்சா இவ்வளவு பர்சன்ட் கொடுங்க'' என்று பேசுபவர்களிடம் கவனம் தேவை. வழக்கில் வரும் தொகையில் பங்கு கேட்பது வழக்கறிஞர் தொழில் விதிகளுக்கே எதிரானது. வெற்றுத் தாளில் கையெழுத்து, ஒரிஜினல் ஆவணங்கள், ஏ.டி.எம் கார்டு என எதையும் யாரிடமும் கொடுக்கக் கூடாது.

முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

* முதலில் சிகிச்சை. தமிழ்நாட்டில் `இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள்கள் வரை, 1.5 லட்ச ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெற வழி உண்டு.

* மருத்துவமனையில் `கீழே விழுந்துட்டாங்க' என்று சொல்லிவிட வேண்டாம். எந்த வண்டி, எங்கே மோதியது என்பதைச் சொல்லி, ஏ.ஆர் எனப்படும் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதவைக்க வேண்டும். வழக்கில் முதலில் புரட்டப்படும் தாள் அதுதான்.

* எஃப்.ஐ.ஆர் நகல், எதிர் வண்டியின் ஆர்.சி., பாலிசி விவரங்களை வாங்கி வையுங்கள். விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாள்களுக்குள்ளும் காவல்துறை தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும் என்பது விதி. தந்துவிட்டார்களா என்று விசாரியுங்கள்.

* டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்-ரே, பில், மருந்துச் சீட்டு, ஆட்டோ செலவு வரை எல்லாம் ஒரே ஃபைலில்.

* அம்மா படுத்திருக்கும் நாள்களில் வீட்டில் யார் சமைக்கிறார்கள், வேலைக்கு ஆள் வைத்தால் என்ன சம்பளம், மெஸ் சாப்பாட்டுக்கு எவ்வளவு, அவரைப் பார்த்துக்கொள்ள மகளோ மகனோ எத்தனை நாள் லீவு போட்டார்கள்... ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதுங்கள். வேலைக்கு வந்தவரிடம் சம்பளம் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஜி-பேயில் கொடுத்தால் அந்தப் பதிவே போதும்.

அம்மாவின் உழைப்புக்குச் சம்பளச் சீட்டு இல்லாத இடத்தை நிரப்பப்போவது அந்த நோட்டுதான். வீட்டில் யாராவது ஒருவர் இன்றைக்கே அதை எழுதத் தொடங்கலாம்.