செண்பகத்தோப்பில் எழுந்த வினா

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த எழிலிடம் செண்பகத்தோப்பு. அடர்ந்த மரச்செறிவும், கிளைவிட்டுக் கிளை தாவும் சாம்பல்நிற மலை அணிலும், மலையையே தாயகமாகக் கொண்ட பளியர் குடியிருப்பும் அவ்விடத்தின் அடையாளங்கள். ஒருமுறை மாணவர் சிலருடன் அங்குச் சென்றிருந்தேன். வனத்துறையின் அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், "ஐயா, இந்த விதிகளை வகுத்தவர் யார்? சென்னையா, தில்லியா? இவற்றால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அவர் யாரிடம் சென்று கேட்பது?" என்று வினவினார். எளிய வினாதான், எனினும் உடனே விடையிறுக்க என்னால் இயலவில்லை. பின்னர்த் தேடிக் கண்டவற்றையும், அவற்றால் எழுந்த என் கருத்தையும் இங்கே முன்வைக்கின்றேன்.

ஒரு காடு, பல ஆட்சி

செண்பகத்தோப்பை உள்ளடக்கிய காடு 1988ஆம் ஆண்டில் சாம்பல்நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதுவும் மேகமலைச் சரணாலயமும் இணைந்து, ஆயிரம் சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடைய புலிகள் காப்பகமாயின. இந்தியாவில் இது 51ஆவது காப்பகமாகும்.

இக்காட்டை ஆள்பவர் யார்? தொடக்கத்தில் காடும் வனவிலங்கும் மாநிலப் பட்டியலில் இருந்தன. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அவற்றைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. இன்று, நாடாளுமன்றம் இயற்றிய 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே அடிப்படை. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைக்க, மாநில அரசு காப்பகத்தை அறிவிக்கின்றது. நடுவண் திட்டத்தின் வழியே வரும் நிதியை இரண்டு அரசுகளும் பகிர்ந்து ஏற்கின்றன. காட்டில் சுற்றிவரும் வனக்காப்பாளரும் வனவரும் வனச்சரகரும் மாநில அரசின் ஊழியர்கள். அவர்களுக்கு மேலுள்ள உயர் பொறுப்புகளில் பெரும்பாலும் இந்திய வனப்பணியினர் அமர்கின்றனர்.

1966இல் தோற்றுவிக்கப்பெற்ற இந்திய வனப்பணி, ஆட்சிப்பணி, காவல்பணி ஆகியவற்றோடு சேர்ந்த மூன்றாவது அனைத்திந்தியப் பணியாகும். இதன் அலுவலரைத் தேர்வு செய்வது நடுவண் அரசுப் பணியாளர் தேர்வாணையம். நியமிப்பவர் குடியரசுத் தலைவர். பணியாற்றுவது மாநில அரசின் கீழ். பணியிலிருந்து நீக்கும் அதிகாரமோ நடுவண் அரசிடம். நாட்டின் ஒருமைப்பாட்டையும், அச்சமின்றிக் கருத்துரைக்கும் அலுவலரையும் கருதியே நம் முன்னோர் இவ்வாறு அமைத்தனர். நோக்கம் சிறந்ததே. ஆயினும் இருவர் கையில் கடிவாளம் இருக்கும் குதிரையை நிறுத்த வேண்டிய வேளையில், ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் நிலையும் இதனாலேயே நேர்கின்றது.

மேல்நோக்கிச் செல்லும் கணக்கு

கணக்குக் கேட்க வழியே இல்லை என்று எவரும் கூற இயலாது. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. கேள்வி நேரத்தில் உறுப்பினர்கள் வினாத் தொடுக்கின்றனர். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கின்றது. காஞ்சி மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்திற்குத் தகுதியற்றவர் என்று விதித்தது. அந்த அறத்தின் இன்றைய வடிவங்களே இவையனைத்தும்.

ஆயினும் இக்கணக்கு முழுவதும் மேல்நோக்கியே செல்கின்றது. கீழிருப்பவர் மேலிருப்பவருக்கு எழுதுகின்றார். அவர் தமக்கு மேலிருப்பவருக்கு எழுதுகின்றார். இராசத்தானத்துச் சரிஸ்கா காப்பகத்தில் நிகழ்ந்தது இதன் குறையைக் காட்டிற்று. ஏடுகளில் அங்கே புலிகள் இருந்தன, காட்டில் இல்லை. 2004–05இல் இவ்வுண்மை வெளிப்பட்டபோது நாடே திடுக்கிட்டது. தலைமையமைச்சர் ஒரு பணிக்குழுவை அமைத்தார். அதன் விளைவாக 2006இல் சட்டம் திருத்தப்பெற்று, மேற்குறித்த ஆணையம் பிறந்தது. அதன் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பெற வேண்டும் என்பதும் சட்டமாயிற்று. வரவேற்கத்தக்க சீர்திருத்தமே, ஆனால் அதுவும் மேல்நோக்கிய கணக்கே.

கீழ்நோக்கி வரவேண்டிய கணக்கு

அதே 2006ஆம் ஆண்டில் வன உரிமைச் சட்டமும் நிறைவேறியது. காட்டில் வாழும் பழங்குடியினரின் உரிமைக் கோரிக்கையைக் கிராம சபை தொடங்கிவைக்கும். கோட்ட அளவிலான குழு ஆராயும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு முடிவு செய்யும். கிராம சபையின் முடிவில் குறை காண்பவர் 60 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இச்சட்டத்தை மீறும் அலுவலருக்கு ஆயிரம் ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடமுண்டு.

ஆனால் இச்சட்டத்திற்குப் பொறுப்பு பழங்குடியினர் விவகார அமைச்சகம். காப்பகத்திற்குப் பொறுப்பு சுற்றுச்சூழல், வன அமைச்சகம். ஒரே அரசின் இரு கரங்கள்! 2024 சூன் திங்களில் புலிகள் பாதுகாப்பு ஆணையம், காப்பகங்களின் மையப் பகுதிகளில் வாழும் மக்களை இடம்பெயர்க்கும் பணிக்கு முன்னுரிமை தருமாறு மாநிலங்களுக்கு மடல் எழுதியது. அம்மடல் நாடெங்கும் பழங்குடி அமைப்புகளின் எதிர்ப்பை எழுப்பியது. கிராம சபையின் இசைவும் மக்களின் விருப்பமும் இன்றி இடம்பெயர்த்தல் கூடாது என்று சட்டமே கூறுகின்றது. அச்சட்டம் மலைக்குடியிருப்பின் கதவுக்கு வந்து சேராதவரை, தில்லியிலிருந்து வரும் மடல் மட்டுமே அங்கே சட்டமாகத் தோன்றும். தேனெடுத்து வாழும் ஒரு பளியர், இரு அமைச்சகங்களையும் மூன்று குழுக்களையும் எங்ஙனம் அறிவார்?

மறுப்பும் விடையும்

"ஒவ்வோர் ஆணைக்கும் ஊராரிடம் விளக்கம் கூறிக்கொண்டிருந்தால் காடு அழிந்துவிடும்" என்பார் உளர். அவர்தம் அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இம்மலைக்காடு வையை ஆற்றின் நீர்ப்பிடிப்பு. வேட்டையாடுவோரும் மரம் கடத்துவோரும் விளக்கம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. கோடையில் காட்டுத்தீயோடும், இரவில் யானைத் தடத்தோடும் போராடும் வனக்காப்பாளரின் உழைப்பு போற்றுதற்குரியது. அவர் உறுதியோடு நடக்கத்தான் வேண்டும்.

ஆனால் விளக்கம் அளிப்பது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. காரணம் கூறப்பெற்ற மறுப்பை மக்கள் ஏற்பர். காரணமற்ற அனுமதியைக்கூட ஐயுறுவர். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குச் சான்று. 30 நாள்களுக்குள் விடையளிக்க வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலர் தாமே தண்டம் செலுத்த நேரும். இன்ன அலுவலர், இத்தனை நாள், இவ்வளவு தண்டம் என்று ஆளையும் நாளையும் வரையறுத்ததே இச்சட்டத்தின் வலிமை. பொறுப்பு என்பது துறைக்குரியதாக மட்டும் இருந்தால் அது எவருக்கும் உரியதன்று.

செய்யத்தக்கவை

மூன்றனைக் கூற விழைகின்றேன். முதலாவது, காட்டுக்குரிய ஒவ்வோர் அறிவிப்புப் பலகையிலும், விதி எச்சட்டத்தின் கீழ் வந்தது, முடிவெடுப்பவர் எந்த அலுவலர், முறையீட்டைக் கேட்பவர் யார், எத்தனை நாளில் என்பவை எளிய தமிழில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, ஆண்டுக்கொருமுறை காப்பகத்தின் வரவுசெலவும் பணிகளும் அடிவாரத்துக் கிராம சபைகளின் முன் படிக்கப்பெற வேண்டும். ஊரக வேலையுறுதித் திட்டத்திற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டமே கிராம சபையின் சமூகத் தணிக்கையை விதித்தது. சாலைப் பணிக்குப் பொருந்திய முறை காட்டுப் பணிக்கு ஏன் பொருந்தாது?

மூன்றாவது, ஆணைகள் எழுத்தில் அமைய வேண்டும். முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் முதலானோர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், வாய்மொழி ஆணைகளை அலுவலர்கள் எழுத்தில் பதிவு செய்ய வேண்டுமென்றும், ஓரிடத்தில் பணியாற்றக் குறைந்தபட்சக் காலம் வேண்டுமென்றும் 2013இல் தீர்ப்பளித்தது. எழுத்தில் இல்லாத ஆணைக்குக் கணக்குக் கேட்பது காற்றைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வகுத்தார். ஆராய்ந்து தேர்ந்தெடுத்தலோடு அரசின் கடமை முடிவதில்லை. பணியில் அமர்த்திய பின்னரும் ஆராய்தல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். நாம் முதற்பகுதியைத் தேர்வாணையத்தின் வழியே செவ்வனே செய்கின்றோம். இரண்டாம் பகுதியை மேலிடத்திற்கு விட்டுவிட்டு அமைதி கொள்கின்றோம்.

அன்று செண்பகத்தோப்பில் கேட்ட மாணவருக்கு இன்று நான் கூறும் விடை இது: விதியை வகுத்தது சென்னையும் தில்லியும் சேர்ந்தே, கணக்குக் கேட்கும் உரிமையோ அடிவாரத்தில் நிற்கும் நமக்கும் உண்டு. நம் மாணவர்கள் போட்டித் தேர்வுகள் எழுதி இப்பணிகளில் அமர வேண்டும் என்பது பெரியோர் பலரின் அவா. என் அவாவும் அதுவே. அவ்வாறு அமரும் நாளில், கீழே நின்று கேட்பவருக்கும் காரணம் கூறும் அலுவலராக அவர்கள் விளங்க வேண்டும்.