கையில் வந்து சேர்ந்த அமானிதம்

நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களை ஒட்டி வாழும் பிள்ளைகளுக்குப் பறவைகள் அந்நியமானவை அல்ல. செம்மீசைச் சின்னான் கைக்கெட்டும் புதரிலேயே கூடு கட்டிவிடும். பூனை கவ்வியோ, சன்னல் கண்ணாடியில் மோதியோ சிறகு துவண்ட பறவை ஒன்றை உள்ளங்கையில் ஏந்தியபடி பிள்ளை வாசலில் வந்து நிற்கும் நாள் பல வீடுகளில் வருகிறது. அப்போது பெரியவர்களிடமிருந்து பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. ஒன்று, "கீழே போடு, நோய் வந்துவிடும்." மற்றொன்று, "கூண்டு வாங்கித் தருகிறேன், வளர்த்துக்கொள்." இவ்விரண்டுமே தவறு என்பது நம் கருத்து.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான் என்பதையும், உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உதவியில் நற்கூலி உண்டு என்பதையும் நம் பிள்ளைகள் மக்தபில் கேட்கிறார்கள். காலையில் கேட்ட அந்தப் பாடத்தை மாலையில் நடைமுறைப்படுத்தி வரும் பிள்ளையை நாமே அதட்டினால், அதன் உள்ளத்தில் எது நிலைக்கும்? நோய் குறித்த அச்சம் நியாயமானதே. துணியால் பறவையைத் தூக்குவதும், பின்னர் சோப்பிட்டுக் கை கழுவுவதும் அதற்குத் தீர்வு. இரக்கத்தை விரட்டுவது தீர்வாகாது.

இரண்டாம் பதில் அன்பைப் போலவே தோன்றுகிறது. அதற்குச் சான்றாகச் சிறுவர் அபூ உமைர் வளர்த்த சிட்டைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் கனிவுடன் விசாரித்த நிகழ்ச்சியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். உணவும் நீரும் தந்து துன்புறுத்தாமல் பறவை வளர்க்கலாம் என்று அறிஞர்கள் அதிலிருந்து விளக்கம் பெற்றதும் உண்மையே. ஆனால் அபூதாவூதில் மற்றொரு நிகழ்ச்சியும் பதிவாகியுள்ளது. பயணத்தின்போது தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துப் படபடத்தது. அதைக் கண்ட நபியவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடப் பணித்தார்கள். காயத்தால் நம் கைக்கு வந்த காட்டுப்பறவை நமக்குக் கிடைத்த பரிசன்று, அது அமானிதம். அமானிதம் உரிய இடத்திற்குத் திரும்பியாக வேண்டும். கிளி, மைனா உள்ளிட்ட நம் நாட்டுக் காட்டுப்பறவைகளை வீட்டில் அடைத்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது.

எனவே செய்ய வேண்டியது எளிது. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மென்துணி விரித்து, பறவையை இருட்டான, வெதுவெதுப்பான, அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். பாலோ சோறோ ஊட்டலாகாது. அலகைத் திறந்து நீர் ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடக்கூடும். கண்ணாடியில் மோதி மயங்கிய பறவை பலவேளை ஓரிரு மணி நேரத்தில் தானே பறந்துவிடும். எலும்பு முறிந்திருந்தால் வனத்துறையினரிடமோ கால்நடை மருத்துவரிடமோ ஒப்படைக்க வேண்டும். காயமின்றிக் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைக் கூட்டிலேயே வைத்துவிடலாம். மனிதக் கை பட்டதால் தாய் அதைக் கைவிடாது.

பிள்ளைப் பருவத்து இரக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு டெல்லி வஜிராபாத்தின் நதீம் ஷெஹ்ஸாத், முஹம்மது சவூத் சகோதரர்கள் சான்று. இளவயதில் அவர்கள் எடுத்துச் சென்ற காயம்பட்ட பருந்துக்கு, அது இறைச்சி உண்ணும் பறவை என்பதால் சிகிச்சை மறுக்கப்பட்டது. பின்னாளில் அவர்கள் தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே, மாஞ்சா நூல் அறுத்த பருந்துகளுக்கு மருத்துவம் செய்யத் தொடங்கினர். 2022இல் வெளியான 'ஆல் தட் பிரீத்ஸ்' ஆவணப்படம் அவர்களைப் பற்றியதே. குணமானவற்றை அவர்கள் வானத்திற்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

மனிதர்களே துயரில் இருக்கையில் பறவைக்கு இத்தனை அக்கறையா என்று கேட்போர் உண்டு. ஒரு சிற்றுயிரின் வலியை உணரப் பழகிய பிள்ளைக்கு அண்டை வீட்டாரின் பசியை உணர்த்துவது எளிது என்பதே நம் பதில்.

சில பறவைகள் பிழைக்காமல் போகும். அப்போது பிள்ளையுடன் சேர்ந்து மண்ணில் அடக்கிவிட்டு, முயற்சிக்கும் எண்ணத்திற்கும் கூலி அல்லாஹ்விடம் உண்டு என்று சொல்லித் தருவோம். பிழைத்த பறவையை விடுவிக்கும்போது, வனத்துறையினர் இசைந்தால், பெட்டியின் மூடியைப் பிள்ளையே திறக்கட்டும். இன்ஷா அல்லாஹ், நேசித்ததை அதன் உரிமைக்கு விட்டுக்கொடுக்கும் பக்குவத்தை அன்று அது கற்றுக்கொள்ளும்.