வெளிநாட்டில் இறங்கிய அன்று ராத்திரி என்ன சாப்பிடுவது?

வெளிநாடு போகிறவர்களுக்கு நம் ஊரில் ஒரு புத்திமதி சொல்வார்கள்.

"கண்ட இடத்தில் வாங்கித் தின்னாதே!"

சொல்லிவிட்டு, ஒரு கட்டுச்சோற்றையும் கையில் கொடுப்பார்கள். இந்தப் புத்திமதி பாதி சரி, பாதி தப்பு. எப்படி என்று சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும் என்று பல வருடம் பணம் சேர்த்தார். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். நாலே நாள் பயணம்!

காலை 7 மணிக்கு அத்தை தேங்காய்ச் சாதம் கட்டிக் கொடுத்தார். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கினோம். திருச்சியில் விமானம் ஏறினோம். அறைக்குப் போய்ச் சேரும்போது அங்கே இரவு மணி 9. அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட 2½ மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஆக, சாதம் கட்டி 11½ மணி நேரம் ஆகிவிட்டது.

மாமா பொட்டலத்தைப் பிரித்தார். முகர்ந்து பார்த்தார். "லேசாத்தான் வாடை அடிக்குது மாப்பிள்ளே, சாப்பிடலாம்" என்றார்.

நான் விடவில்லை. பொட்டலத்தைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மாமாவுக்குக் கோபம்! அத்தை கட்டிய சோறு அல்லவா?

சோற்றில் ஒளிந்திருக்கும் கிருமி

அரிசியில் ஒரு வகைக் கிருமி உண்டு. அதன் வித்து, சோறு கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மூடிக் கிடந்தால் முளைக்கும்; பெருகும்; நஞ்சைக் கக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. புளியோதரை என்றால் புளி கொஞ்சம் காப்பாற்றும். தேங்காய்ச் சாதம் தாங்குமா?

ஆனால் தெருக்கடையில், கண்ணெதிரே கல்லில் வெந்து, ஆவி பறக்கத் தட்டுக்கு வரும் பண்டத்தில் கிருமி பிழைப்பது கடினம். "வீட்டுச் சோறு நல்லது, தெருச்சோறு கெட்டது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சரியல்ல. எது சூடாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மாமாவைப் பக்கத்தில் இருந்த உணவங்காடிக்கு இழுத்துப் போனேன். அங்கே ஒருவர் மாவை வீசிக்கொண்டிருந்தார். மாமாவின் முகம் மலர்ந்தது.

"அட, இது நம்ம புரோட்டாடா!"

ஆமாம். அங்கே 'பிராட்டா' என்கிறார்கள். மலேசியாவில் 'ரொட்டி சானாய்'. நம் மாவட்டத்து விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவுக்கு உறவுக்காரன்தான். சிலர் அதைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுகிறார்கள். மாமா அதை ஒப்பவில்லை, குழம்பு கேட்டார். நாலு தின்றார். பிறகு, உயரத் தூக்கி இழுத்து ஆற்றிய 'தே தாரிக்' ஒன்று குடித்தார். மறுநாள் காலை என்னை எழுப்பியதே அவர்தான்.

"முதல் நாளே வேண்டாம், வயிறு பழகட்டும்" என்று சிலர் சொல்வார்கள். நாலு நாள் பயணத்தில் வயிறு எப்போது பழகும்? ஊருக்குத் திரும்பிய பிறகா?

எல்லா ஊரும் சிங்கப்பூர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நறுக்கி வைத்த பழம், திறந்து கிடக்கும் சட்னி, எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் ஆகியவற்றை எந்த ஊரிலும் தொடாதீர்கள். கூட்டம் மொய்க்கும் கடைக்குப் போங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சிங்கப்பூர் செய்தது என்ன?

அங்கேயும் ஒரு காலத்தில் சாக்கடை ஓரத்தில்தான் விற்றார்கள். 1968, 69-ம் ஆண்டுகளில் அரசாங்கம் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து உரிமம் கொடுத்தது. அவர்களை விரட்டிவிடவில்லை. கூரை போட்டு, குழாய் வைத்து, கழிவுநீர் வசதி செய்து, அங்காடிகளில் குடியேற்றியது. 1986-க்குள் அநேகமாக எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். 1997-ல் கடைகளுக்குச் சுத்தத்தைப் பார்த்து 'ஏ', 'பி', 'சி', 'டி' என்று எழுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கக் கொஞ்சம் தெரிந்தவர்கூடக் கடையின் தரத்தைத் தெரிந்துகொள்ளலாம்! 2020-ல் யுனெஸ்கோவே இந்த உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம்மிடம் சரக்கு இல்லையா? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. பசும்பாலும் சர்க்கரையும் விறகடுப்பில் சுண்டச் சுண்டக் கிண்டிய பண்டம் அது. கோபுரத்தைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர் அதை வாங்கித் தின்றால் நமக்கு எவ்வளவு பெருமை! அவரே ராத்திரியில் தள்ளுவண்டிப் புரோட்டாவுக்கு முன்னால் தயங்கி நிற்கிறார். பெரும்பாலான வண்டிகளில் தட்டு கழுவ ஒரே வாளித் தண்ணீர்! வண்டிக்காரர் என்ன செய்வார்? குழாய் இருந்தால்தானே?

தெரு வியாபாரிகளுக்கு 2014-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஊருக்கு ஊர் குழு அமைத்து, விற்பதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஒதுக்கும் இடத்தில் ஒரு குழாயும் ஒரு சாக்கடை மூடியும் போட எவ்வளவு செலவாகும்?

மாமா இப்போது மாலையில் புரோட்டா வண்டிக்குப் போகும்போது, கையில் ஒரு குடம் தண்ணீரும் கொண்டு போகிறார். "தட்டை இதிலே கழுவுப்பா" என்கிறார். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் பிடிப்பது அவர்தானே!