தானும் ஹிம்ஸெல்ஃபும்

'மைஸெல்ஃப் இன்னார்' என்று அறிமுகம் செய்துகொள்ளும் பையனைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மைஸெல்ஃப் என்றால் 'நானே' என்று அவனாக அர்த்தம் பண்ணிக்கொண்டான். திருத்த ஆளில்லை, ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம்!

திருவிடைமருதூர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து வந்த பிரம்மஹத்தியைக் கிழக்கு வாசலில் விட்டுவிட்டு, வரகுண பாண்டியன் மேற்கு வாசலால் வெளியேறினான். 'தான் தப்பிவிட்டதாகப் பாண்டியன் நினைத்தான்' என்கிறோம். பையன் 'ஹிம்ஸெல்ஃப் எஸ்கேப்டு' என்று எழுதுகிறான். தமிழ்த் 'தான்' உள் வாக்கியத்தில் எழுவாயாக நின்றபடியே வெளியே இருக்கும் பாண்டியனைச் சுட்டும். ஹிம்ஸெல்ஃப் தனியே எழுவாயாகாது; அந்தப் பிரம்மஹத்தி மாதிரி, தன் வாக்கியத்து வாசலையும் தாண்டாது. அங்கே 'ஹீ'தான் வர வேண்டும்.

நாம் 'சவரம் பண்ணிக்கொண்டான்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹீ ஷேவ்டு' போதும். ஆனால் விருந்தில் சந்தோஷமாக இருந்ததைச் சொல்ல 'ஐ என்ஜாய்டு' போதாது, மைஸெல்ஃப் வேண்டும்.

இதையெல்லாம் தமிழோடு ஒப்பிட்டுக் காட்டினால் பத்து நிமிஷத்தில் புரியும். பையன் கையிலிருக்கும் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, இருட்டில் தடுக்கி விழுகிறானே என்று திட்டுவது என்ன நியாயம்?