பகைவர் வானூர்தியும் சமயபுரத்து இரவும்

பகைவனிடமிருந்து பறித்த படைக்கலம் பறித்தவனுக்கு எத்துணைக் காலம் ஊழியம் செய்யும்? இவ்வினாவிற்குப் பழந்தமிழர் விடை கண்டிருந்தனர். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் நடுவே வாழ்ந்த பகைவரை வென்று, அவர்தம் காவல்மரமாகிய கடம்பை வெட்டியதைப் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துக் கூறுகின்றது. வெட்டிய மரத்தை அவன் தன் நகரில் வெற்றியடையாளமாக நட்டு வைத்துவிடவில்லை. தன் படைக்கு முரசாக்கினான். மரம் பகைவனுடையது, முழக்கமோ சேரனுடையது.

இரண்டாம் உலகப் போரில் இச்செயல் வானத்தில் நிகழ்ந்தது. 1942 சூன் 4ஆம் நாள் அலாசுக்காவை அடுத்த அக்குத்தான் தீவில் இறங்க முயன்ற சப்பானியப் போர் வானூர்தி ஒன்று சேற்றில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. 'சீரோ' எனப்பட்ட வகை அது. வானோடி கோகா மாண்டார். ஊர்தி பெரிதும் சிதையவில்லை. சூலையில் அதைக் கண்டெடுத்த அமெரிக்கர் சான் தியேகோவிற்குக் கொண்டுசென்று செப்பனிட்டுச் செப்தம்பரில் பறக்கவிட்டனர். மிகுவிரைவில் அதனை உருட்டித் திருப்புவது கடினம், அதிலும் வலப்புறம் உருள்வது மிகக் கடினம், மூக்கைத் திடுமெனத் தாழ்த்தினால் பொறி திணறி நின்றுவிடும் என்பனவெல்லாம் தெரியவந்தன. அவ்வூர்தி அமெரிக்கருக்காக ஒரு குண்டும் சுட்டதில்லை. ஆயினும் சீரோ துரத்தினால் செங்குத்தாகப் பாய்ந்து வலப்புறம் உருள்க என்னும் அறிவுரை அதனாற் கிடைத்தது. சப்பானிய ஊர்திகளின் பெயர்களைச் சொல்லி அமெரிக்கர் நாவைக் கெடுத்துக்கொள்ளவில்லை என்பதும் கருதத்தக்கது. போர் ஊர்திக்கு ஆண்பெயரும் குண்டுவீச்சு ஊர்திக்குப் பெண்பெயருமாகத் தம் வீட்டுப் பெயர்களையே இட்டு வழங்கினர். வானூர்தி என்று சொல்ல நாணுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக!

பின்லாந்தினர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். பிரான்சு செய்த மொரான் ஊர்திகள் அவர்களிடம் இருந்தன. அவற்றுட் பல, செருமானியர் பிரான்சிடம் கைப்பற்றி விற்றவை. அவற்றின் பொறிகள் வலுக்குறைந்தவை. செருமானியர் உருசியரிடம் கைப்பற்றிய பொறிகளை வாங்கி அவ்வூர்திகளிற் பொருத்தி, உருசியர்மீதே ஏவினர் பின்லாந்தினர். இருவேறு நாட்டு உறுப்புகளை ஓருடலாக்கியது அவர்தம் அரசு வானூர்தித் தொழிலகம். அது மட்டும் இல்லாதிருப்பின் அவை வெறும் இரும்புக் குவியலே.

1965 செப்தம்பர் 3ஆம் நாள் இந்திய வான்படையின் 'நாட்' ஊர்தி ஒன்று பாக்கித்தானின் பசுரூர்க் களத்தில் இறங்கிப் பிடிபட்டது. இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. அதனால் இந்தியாவிற்கு நேர்ந்த இழப்பு ஓர் ஊர்தியே. அவ்வகையைச் செய்யும் தொழிலகம் பெங்களூரில் இருந்தது. 1971 போரிலும் நாட்டுகள் பறந்தன.

பகைவன் பொருளை உருமாற்றாது அவன் உருவிலேயே ஏவுவது வேறொரு வகை. செருமானிய வான்படையின் 200ஆம் பிரிவு, கைப்பற்றிய அமெரிக்கப் பி-17 ஊர்திகளில் ஒற்றர்களை இரவில் ஏற்றிச்சென்று இறக்கியது. இவ்வகைச் சூழ்ச்சியைத் திருச்சிராப்பள்ளிச் சீமை அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது.

1752ஆம் ஆண்டு. திருச்சிராப்பள்ளிக் கோட்டையை முற்றியிருந்த சந்தா சாகிபும் பிரெஞ்சியரும், ஆங்கிலப் படை வந்ததும் பின்வாங்கித் திருவரங்கத் தீவின் கோயில் மதில்களுக்குட் புகுந்துகொண்டனர். அவர்களின் வடதிசை வழியை அடைக்கக் கொள்ளிடத்திற்கு அப்பால் சமயபுரத்தில் பாசறை அமைத்தான் கிளைவு. ஏப்பிரல் மாத இரவொன்றில் பிரெஞ்சுத் தலைவன் இலா அங்கே ஒரு படையை ஏவினான். அதில் எண்பதின்மர் ஐரோப்பியர். எழுநூற்றுவர் உள்நாட்டுச் சிப்பாய்கள். ஐரோப்பியருள் நாற்பதின்மர் ஆங்கிலப் படையை விட்டு ஓடிவந்தவர்கள். காவலர் மறித்தபோது அவர்தம் தலைவன் ஆங்கிலத்தில் விடையிறுத்தான்: இலாரன்சு கிளைவிற்குத் துணையாக அனுப்பிய படை இது என்று. மொழியைக் கேட்டே காவலர் வழிவிட்டனர். பாசறை நடுவே புகுந்தவர்கள் சுடத் தொடங்கினர். துயிலெழுந்து ஓடிவந்த கிளைவு, சுட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுச் சிப்பாய்களைத் தன் சிப்பாய்கள் என்றே கருதி, அவர்களிடையே சென்று நிறுத்துமாறு அதட்டினான்.

மொழிவேடம் வாயிலைக் கடக்க மட்டுமே உதவிற்று. கோயிலுக்குள் அடைபட்டவர்கள் மறுநாட் காலை பணிந்தனர். சூனில் சந்தா சாகிபு தஞ்சைப் படைத்தலைவனை நம்பிச் சென்று கொலையுண்டார். இலா திருவரங்கத்தில் பணிய, அவன் பீரங்கிகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. (பறங்கியரோடு வந்தமையால் பீரங்கி, அதன் பெயர்கூட இன்னும் மாறவில்லை!)

இந்நிகழ்ச்சியைக் கிளைவின் நெஞ்சுரத்திற்குச் சான்றாக எழுதுவோர் உளர். அவன் ஏன் மயங்கினான் என்பதன்றோ தமிழர் கேட்கவேண்டிய வினா? இருபுறமும் நின்ற சிப்பாய்கள் ஒரே மண்ணின் மக்கள். ஒரே நிறம், ஒரே தோற்றம். ஓடிப்போன ஆங்கிலேயன் தன்னைத் தானே விற்றவன். தான் யாரென்பது அவனுக்குத் தெரியும். சிப்பாயோ கைப்பற்றப்பட்ட ஊர்தியின் நிலையில் நின்றான். எவன் ஏறி அமர்ந்தானோ அவனுக்காகச் சுட்டான்; எதிரே வீழ்ந்தவன் தன் ஊரானாகவும் இருந்திருக்கலாம். சீரோவைப் பிடித்தவர்கள் அதன் குறையைத் தேடிக் கண்டனர். தம்மைப் பிடித்தவர்களின் குறையை இச்சிப்பாய்கள் தேடவில்லை.

1966இல் திருச்சிராப்பள்ளியில் படைக்கலத் தொழிலகம் தோன்றியது. உருசியக் கலாசுனிக்கோவின் அமைப்பைத் தழுவி அங்கே உருவான துமுக்கிக்குத் திருச்சியின் பெயரையே இட்டுள்ளனர். கடம்பு முரசான கதை அது. அத்தொழிலகத்திற்குச் சில கல் தொலைவில் பொன்மலை நிற்கிறது. 1753 சூனில் அம்மலைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் பொருதபோதும் சிப்பாய்கள் இருபுறமும் இருந்தனர். எந்தப் பக்கம் நோக்கிச் சுடுவது என்பதை முடிவு செய்தவன் அவர்களுள் ஒருவனும் இல்லை.