கடலின் செலவு யார் கணக்கில்? அந்தமான் நிக்கோபாரில் மாற்றுத்திறனாளிகளின் ஓய்வூதியமும் வீடும் குறித்த எங்கள் நிலைப்பாடு

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சேர வேண்டிய ஓய்வூதியம் பற்றியும் வீடு பற்றியும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது: ஒரு தீவுக்கும் அரசு அலுவலகத்துக்கும் நடுவே கிடக்கும் கடலைக் கடக்க ஆகும் செலவை நிர்வாகம்தான் ஏற்க வேண்டும். பணம், நாள், உடல் வலி எல்லாம் அந்தச் செலவில் அடக்கம். இன்று அது முழுக்க மாற்றுத்திறனாளியின் தலையிலும் அவருடைய குடும்பத்தின் தலையிலும் விழுகிறது. சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை இங்கே கைக்கு வந்து சேராததற்கு முதன்மைக் காரணம் இதுவே என்று கருதுகிறோம்.

எல்லாம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் தொடங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் மாற்றுத்திறனாளிகள் 6,660 பேர். எட்டு வகைக் குறைபாடுகளை மட்டும் கேட்டு எடுத்த கணக்கு அது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, ஹீமோபிலியா, ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. ஆகவே உண்மையான எண்ணிக்கை 6,660ஐவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு. மாயாபந்தரிலும் கார் நிக்கோபாரிலும் மாவட்ட மருத்துவமனைகள் உண்டு. ஆனால் செவித்திறன் சோதனை, மனநல மதிப்பீடு, அறிவுசார் குறைபாட்டு மதிப்பீடு என்று சிறப்பு மருத்துவரும் கருவியும் தேவைப்படும் இடம் வந்ததும் பாதை ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரை, அங்குள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையை நோக்கித் திரும்பிவிடுகிறது. தென்கோடியில் உள்ள கேம்பல் பேயிலிருந்து அந்த இடம் கடல்வழியில் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஜெட்டியில் நிற்கும் கப்பலுக்கு ஏறுவது ஏணிப்படியில். ஓதம் ஏறினால் ஒரு சரிவு, இறங்கினால் இன்னொரு சரிவு. சக்கர நாற்காலியில் இருப்பவரை நாலு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். துணைக்கு வருபவரின் கூலி போகிறது, ஊரில் தங்குமிடம் தேட வேண்டும், மழைக்காலத்தில் கப்பல் தள்ளிப்போனால் எல்லாம் இரட்டிப்பாகிறது. 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகள் சான்றிதழ் தருவதற்கான காலத்தை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டின. சென்னையில் இருப்பவருக்கு அது காத்திருப்பு. தீவில் இருப்பவருக்கு இன்னொரு கப்பல் பயணமாகவும் முடியலாம். மருத்துவக் குழு தீவுக்குத் தீவு, முன்கூட்டியே அறிவித்த நாட்களில், கருவிகளோடு வர வேண்டும் என்று கேட்கிறோம். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் அலுவலரும் கடைசித் தீவுவரை போய்ச் சேருகிறார்கள். அது முடியும்போது இதுவும் முடியும்.

இவ்வளவு பாடுபட்டுச் சான்றிதழ் வாங்கியவருக்கு மத்திய அரசு தருவது என்ன? இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய். 2012இலிருந்து அந்தத் தொகை அசையவில்லை. அதைப் பெறவும் குறைபாடு 80 சதவீதம் இருக்க வேண்டும், குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். சட்டம் 40 சதவீதத்தையே அளவுகோலாகக் கொள்ள, ஓய்வூதியம் அதன் இரு மடங்கைக் கேட்கிறது. 60 சதவீதம் என்று சான்று பெற்ற ஒரு மீனவர் படகில் ஏற முடியாமல் வேலையை இழந்திருந்தாலும் இந்தத் திட்டத்தின் கண்ணில் அவர் படமாட்டார்.

தொகை போதாது என்பது ஒரு குறை. சட்டத்தோடு அது முரண்படுவது அதைவிடப் பெரிய குறை. 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான ஒத்த திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. அதே தேசிய சமூக உதவித் திட்டத்தில், அதே வறுமைக்கோட்டு நிபந்தனையோடு, கைம்பெண் ஓய்வூதியமும் 300 ரூபாய்தான். அதற்கு மேல் 25 சதவீதம் என்றால் 375 ஆகியிருக்க வேண்டும். 'ஒத்த திட்டம் முதியோர் ஓய்வூதியம்தான். அது 200 ரூபாய், ஆகவே 300 கூடுதல்தானே' என்று பதில் வரலாம். அந்தக் கணக்கும் எண்பது வயதில் உடைந்துபோகிறது: எண்பதைத் தாண்டிய முதியவருக்கும் 500, எண்பதைத் தாண்டிய மாற்றுத்திறனாளிக்கும் 500. அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்ற சொற்கள் அதே பிரிவில் இருப்பதை நாங்கள் மறைக்கவில்லை. திட்டம் தொடங்குவதா வேண்டாமா, எவ்வளவு தருவது என்பதற்கு அந்தச் சொற்கள் பொருந்தலாம். தொடங்கிய திட்டங்களுக்கு இடையே இருக்க வேண்டிய விகிதத்தைக் கட்டாயமாகச் சொல்லும் வாசகத்தை அவற்றைக் காட்டித் தள்ளிவிட முடியாது.

300 ரூபாய்க்கு டெல்லி வழக்கமாகச் சொல்லும் நியாயம், அது அடித்தளம் மட்டுமே, மாநிலங்கள் மேலே சேர்த்துக் கொடுக்கும் என்பது. மாநிலங்கள் சேர்க்கத்தான் செய்கின்றன: ஆந்திரப் பிரதேசம் 2024இல் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்தை மாதம் 6,000 ரூபாயாக்கியது; தெலங்கானா 2023இல் 4,016 ஆக்கியது. தமிழ்நாட்டில் கடுமையான பாதிப்புள்ளோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய், அதை ஆந்திர அளவுக்கு உயர்த்தக் கோரி அங்கே மாற்றுத்திறனாளிகள் போராடுகிறார்கள். இத்தீவுகளுக்குச் சட்டமன்றமே கிடையாது. துணைநிலை ஆளுநர் வழியாக மத்திய அரசே நேரடியாக ஆள்கிறது. அடித்தளம் போடுபவரும் மேலே கட்டுபவரும் ஒருவரே என்றான பிறகு, வேறு யாரோ சேர்ப்பார்கள் என்று கைகாட்ட இங்கே ஆளில்லை. நிர்வாகம் தன் நிதியிலிருந்து தரும் எந்த உதவியும் வரவேற்கத்தக்கது. ஆனால் சட்டமன்றத்தில் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லாத இடத்தில், ஓர் ஆணையால் வந்தது இன்னோர் ஆணையால் போய்விடும். ஆகவே தொகை, தகுதி, விலைவாசிக்கேற்ற ஆண்டு உயர்வு மூன்றையும் அறிவிக்கையாகவே வெளியிட வேண்டும். தகுதி 40 சதவீதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டு விஷயத்திலும் இதே கதைதான், ஆனால் இங்கே பிழை செங்கல்லிலும் இரும்பிலும் உறைந்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இத்தீவுகளில் 9,797 நிரந்தர வீடுகள் கட்டத் திட்டமிடப்பட்டது. மக்கள் ஆண்டுக்கணக்கில் தகரக் கொட்டகைகளில் காத்திருந்தார்கள். தீவுக்கு வெளியே தீட்டிய வரைபடங்களின்படி, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த பொருட்களைக் கொண்டு வீடுகள் எழுந்தன. வரைபடத்தில் ஒரு சாய்தளத்தைச் சேர்ப்பது ஒரே ஒரு முறை செய்யும் வேலை; கட்டி முடித்த பிறகு சேர்ப்பதென்றால் அது வீட்டுக்கு வீடு செய்யும் வேலை. சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு வழிகாட்டுதல். தரைமட்டத்திலிருந்து 45 சென்டிமீட்டர் உயர்ந்த வாசலுக்கு 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். அந்த நீளத்துக்கு முன்பே மனையில் இடம் விடாவிட்டால் பிறகு அது கிடைக்காது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் அந்தத் தளம் வழுக்காத பரப்பாக இருக்க வேண்டும், கைப்பிடி உப்புக்காற்றில் துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதி என்பதால் வீட்டை உயர்த்திக் கட்டுகிறோம் என்றால், மாற்றுத்திறனாளிக்குத் தரைத்தள வீட்டை ஒதுக்குங்கள், அல்லது சாய்தளத்துக்கான தொகையை வீட்டு மானியத்துக்கு மேல் தனியாகக் கொடுங்கள். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீவில் இனிக் கட்டப்படும் எந்த அரசு வீட்டுக்கும் அதையே அளவாகக் கொள்ள வேண்டும்.

நிலம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி வரும். தீவுகளின் பெரும்பகுதி காடு, பழங்குடிக் காப்பகம். அதில் ஒரு சென்ட் கூட நாங்கள் கேட்கவில்லை. 2016 சட்டத்தின் 37ஆம் பிரிவு சொல்வது, வீட்டுத் திட்டங்களின் ஒதுக்கீட்டில் 5 சதவீதம், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. கிடைக்கும் நிலத்தைப் பங்கிடும் விதி அது. புது நிலம் உண்டாக்கச் சொல்லும் விதி அன்று. அந்த 5 சதவீதம் எந்தத் திட்டத்தில், எந்தப் பஞ்சாயத்தில், எத்தனை வீடாக ஆனது என்பதை ஆண்டுதோறும் நிர்வாகம் வெளியிட வேண்டும். 1978க்குப் பின் குடியேறியதால் ஆக்கிரமிப்பு என்று பதிவான இடங்களில் வாழ்பவர்களுக்கும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் பட்டா கேட்கும் திட்டத்தால் பயனில்லை. அவர்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வாடகை உதவியும் சலுகை விலை மனையும் வேண்டும். நிக்கோபாரி மக்களின் வீடு கூட்டுக்குடும்பத்தோடும் கிராமத்தோடும் பிணைந்தது. அங்கே எந்த வடிவமும் பழங்குடி மன்றங்களின் சம்மதத்தோடுதான் போக வேண்டும். 1956ஆம் ஆண்டின் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்கீழ் தனித்து வாழும் குடிகளிடம் முகாம், சான்றிதழ் என்று எவரும் போகக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பணம் பற்றிய மறுப்பே வலுவானது என்பதால் அதற்குக் கணக்காகவே பதில் சொல்கிறோம். 2011 எண்ணிக்கைப்படி ஒவ்வொரு மாற்றுத்திறனாளிக்கும் மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் ஆண்டுக்கு எட்டுக் கோடி ரூபாய்கூட ஆகாது. இன்றைய எண்ணிக்கை இரு மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் பதினாறு கோடிக்குள் முடியும். பல ஆயிரம் கோடி வரவு செலவு கொண்ட ஒரு யூனியன் பிரதேசம் தூக்க முடியாத சுமை இது அல்ல. ஆள் குறைவு, தலைக்கு ஆகும் செலவு அதிகம் என்பார்கள். ஆள் குறைவு என்பதாலேயே ஒருவரையும் விடாமல் சேர்க்க முடிகிற இடம் இது. போலிச் சான்றிதழ் வரும் என்ற அச்சமும் நியாயமானதே. ஊரறிய, பஞ்சாயத்து முன்னிலையில் நடக்கும் முகாம் அந்த அச்சத்துக்கு நல்ல மருந்து.

கடைசியாக ஒரு கோரிக்கை. சின்னது, ஆனால் உடனே செய்யக்கூடியது. ஓய்வூதியம் சான்றிதழ் கைக்கு வந்த தேதியிலிருந்து கணக்கிடப்படக் கூடாது. விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்கிட்டு நிலுவையோடு தரப்பட வேண்டும். கப்பல் ஓடவில்லை, மருத்துவர் விடுப்பில் இருக்கிறார், கருவி பழுதாகிவிட்டது என்று கழியும் ஒவ்வொரு மாதத்துக்கும் அப்போது நிர்வாகத்தின் கணக்கில் ஒரு தொகை ஏறும். டிக்லிபூரிலும் கச்சாலிலும் ஹட் பேயிலும் விண்ணப்பம் கொடுப்பவர்கள் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.