நேற்று வந்தால் ‘ஹேவ்’ வராது

கிள்ளான் வாசகி ஒருவர் 12 ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வேறோர் இடத்தில் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, ‘ஐ வொர்க்ட் இன் திஸ் ஃபேக்டரி ஃபோர் 12 இயர்ஸ்’ என்று எழுதினாராம். நேர்காணலில் முதல் கேள்வியே, “எப்போது அங்கிருந்து விலகினீர்கள்?” என்பதுதான். “விலகியதாக நான் எங்கே எழுதினேன்?” என்று என்னைக் கேட்டிருக்கிறார்.

‘வொர்க்ட்’ என்ற சொல்லிலேயே எழுதிவிட்டீர்கள், சகோதரி. சிம்பிள் பாஸ்ட் முடிந்துபோன கதையைச் சொல்வது. வேலை இன்றும் தொடர்ந்தால் ‘ஐ ஹேவ் வொர்க்ட்’ என்று பிரசண்ட் பெர்ஃபெக்டில் எழுத வேண்டும். தமிழில் ‘12 ஆண்டுகளாக வேலை செய்கிறேன்’ என்கிறோம். அதை நினைத்து ‘ஐ எம் வொர்க்கிங் ஹியர் ஃபோர் 12 இயர்ஸ்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அதுவும் பிழை. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்றால் சரி.

என்னிடம் படிக்கும் எஸ்.பி.எம். மாணவர்கள் பலர் தமிழின் ‘இருக்கிறேன்’ வரும் இடமெல்லாம் ‘ஹேவ்’ போட்டுவிடுகிறார்கள். பாதி இடங்களில் அது பொருந்தும். மீதி இடங்களில் காலை வாரிவிடும். நாம் வீட்டில் இல்லாதபோது மாமா வந்து போனதைப் பிறகு அறிந்தால், ‘நேற்று மாமா வந்திருக்கிறார்’ என்போம். தமிழுக்கு அது அழகு. ஆங்கிலத்தில் ‘அங்கிள் ஹேஸ் கம் யெஸ்டர்டே’ என்று எழுதவே கூடாது. ‘அங்கிள் கேம் யெஸ்டர்டே’ என்பதே சரி.

மலாய் செய்யும் வேலை வேறு. ‘சூடா மாக்கான்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு, ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்கிறது. கோப்பிக் கடையில் அது செல்லும். தேர்வுத் தாளில் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்று எழுதுங்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? வாக்கியத்தைப் பார்த்து ‘எப்போது?’ என்று கேளுங்கள். ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘டூ இயர்ஸ் அகோ’, ‘இன் 2019’ என்று முடிந்த காலம் அதில் இருந்தால் சிம்பிள் பாஸ்ட்தான். பரமேஸ்வரா மலாக்காவை நிறுவியதுபோல, என்றோ முடிந்த வரலாறு என்றால், ஆண்டைக் குறிப்பிடாவிட்டாலும் ‘ஃபவுண்டட்’ என்றே எழுத வேண்டும். காலத்தைச் சொல்லாமல், நடந்ததன் பலனை இன்றைக்குச் சொல்வதானால் ‘ஹேவ்’. ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை என்று கேட்பவருக்குப் புரியும். ‘ஐ லாஸ்ட் மை கீ’ என்றால் பிறகு கிடைத்திருக்கவும் கூடும்.

ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைக்கூட இந்த ஒரு சொல் காட்டிவிடும். ‘மை கிராண்ட்ஃபாதர் ஹேஸ் லிவ்ட் இன் த்ரீ எஸ்டேட்ஸ்’ என்று மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். “தாத்தா நலமா?” என்று கேட்டேன். “தவறிவிட்டார் சார்” என்றாள். மூன்று தோட்டங்களில் பால்மரம் சீவிய மனிதர். ‘ஹேஸ்’ஸை அடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனாலும் அடிக்கத்தான் வேண்டும்.

இந்த வாரப் பயிற்சி: ‘நான் 2015இல் ஈப்போவுக்குப் போனேன்’, ‘நான் இதுவரை ஈப்போவுக்குப் போனதில்லை’. இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதலாவதில் ‘வென்ட்’, இரண்டாவதில் ‘ஹேவ் நெவர் பீன்’ வந்திருந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். கிள்ளான் சகோதரி, அடுத்த கடிதத்தில் ‘ஹேவ்’ போட்டு அனுப்புங்கள். வேலை கிடைத்ததும் எழுதுங்கள்.